சோறு போட்டவன் கையில் சீனா

கி.பி. 194-ஆம் ஆண்டு கோடையில், சீனத்தின் சாங்கான் நகரில் ஒரு ஹூ தினையின் விலை ஐந்து லட்சம் காசு. ஹூ என்பது சுமார் 20 லிட்டர் கொள்ளும் அளவை. அதே ஹான் பேரரசில், நல்ல விளைச்சல் கண்ட கி.பி. 69-இல், அதே அளவு தினை 30 காசுக்கு விற்றதாக அரசு வரலாற்றில் குறிப்பு இருக்கிறது. நான்கு மாதமாக மழை இல்லை என்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் டோங் ஜுவோ என்ற தளபதி தலைநகரைக் கைப்பற்றி, வெண்கலச் சிலைகளை உருக்கி, எழுத்துகூட இல்லாத பொடிக் காசுகளை அச்சடித்துக் கொட்டியிருந்தார். வானம் பொய்த்தது பாதி, காசு கெட்டது பாதி.

அப்போது அரியணையில் இருந்த சக்கரவர்த்தி ஷியானுக்குப் பதின்மூன்று வயது. அரண்மனைக் களஞ்சியத்தைத் திறந்து ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றச் சொல்லி ஹோ வென் என்ற அதிகாரியை நியமித்தார். கஞ்சி ஊற்றியும் சாவு குறையவில்லை. பையனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அரிசியும் பயறும் அளந்து எடுத்துவரச் சொல்லி, தன் கண் முன்னாலேயே கஞ்சி காய்ச்ச வைத்தார். அந்த அளவு தானியத்தில் எத்தனை கிண்ணம் கஞ்சி தேறும் என்பது அங்கேயே தெரிந்துபோயிற்று. களஞ்சியத்திலிருந்து வெளியேறிய தானியத்துக்கும் ஏழைகளின் கிண்ணத்துக்கு வந்ததற்கும் கணக்கு உதைத்தது. ஹோ வென்னுக்கு ஐம்பது அடி. அதற்குப் பிறகு நிறையப் பேர் பிழைத்தார்கள் என்று குறிப்பு முடிகிறது.

பதின்மூன்று வயதில் ஒரு சோதனையை இவ்வளவு சுத்தமாகச் செய்தவர், வேறு காலத்தில் பிறந்திருந்தால் நல்ல அரசனாக இருந்திருப்பார். இரண்டே ஆண்டில் அவர் வேறொருவரின் காவலுக்குள் போய்விட்டார். அந்த ஆளின் பெயர் ட்சாவ் ட்சாவ். அடுத்த கால் நூற்றாண்டில் வடசீனம் முழுவதும் அந்த ஆளின் பிடிக்குள் வந்தது. எப்படி வந்தது அந்தப் பிடி? சீன நாடக மேடையில் கேட்டால் சூழ்ச்சியால் என்பார்கள்; முகம் முழுக்க வெள்ளைச் சாயம் பூசி வில்லனாகத்தான் அவரை அங்கே நிறுத்துவார்கள். போர்க்கலை நூல் படித்தவர்களைக் கேட்டால் வியூகத்தால் என்பார்கள். இரண்டும் பொய்யல்ல. ஆனால் பழைய குறிப்புகளைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டினால், பக்கத்துக்குப் பக்கம் தலைகாட்டுவது வாளைவிட வயிறுதான்.

ட்சாவ் ட்சாவ் 155-இல் பிறந்தவர். ஊர் இன்றைய அன்ஹுய் மாகாணத்துப் போஜோ. அவருடைய தந்தை, அரண்மனையில் செல்வாக்கோடு இருந்த ஓர் அலி அதிகாரியின் வளர்ப்பு மகன். பணம் இருந்தது, குலப்பெருமை இல்லை. 184-இல் மஞ்சள் தலைப்பாகைக் கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்கப் போன படைகளில் ஒரு சிறு தளபதி. 192-இல் கிழக்கே யான் மாகாணம் கைக்கு வந்தது. அதே ஆண்டு, தோற்றுப்போன மஞ்சள் தலைப்பாகைக்காரர்கள் மொத்தமாக அவரிடம் சரணடைந்தார்கள். போர் வீரர்கள் மூன்று லட்சத்துக்கு மேல், பெண்களும் பிள்ளைகளும் சேர்த்துப் பத்து லட்சத்துக்கு மேல் என்கிறது வரலாறு. எண்ணிக்கையில் ஊதல் இருக்கலாம். ஆனாலும் ஒரே ஆண்டில் பெரும் படைக்குச் சொந்தக்காரர் ஆனவர், அதே ஆண்டில் பெரும் பசிக்கும் சொந்தக்காரர் ஆனார் என்பது உறுதி.

அந்தச் சமயத்தில் மாவ் ஜியே என்ற ஆலோசகர் அவரிடம் இரண்டு யோசனை சொன்னார். சக்கரவர்த்தியைத் தன் பக்கம் கொண்டுவந்து அவர் பெயரால் ஆணையிடுவது ஒன்று. உழவைப் பெருக்கிப் படைக்கு வேண்டியதைச் சேமிப்பது மற்றொன்று. முதல் யோசனையைப் பற்றி எழுதாத வரலாற்றாசிரியர் கிடையாது. இரண்டாவதைப் பெரும்பாலோர் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள்.

ட்சாவ் ட்சாவும் உடனே கேட்டுவிடவில்லை. 193-இல், தந்தையைக் கொன்றதற்குப் பழிவாங்க ஷூ மாகாணத்துக்குள் புகுந்து ஊர் ஊராக அழித்தார். பிணங்கள் அடைத்து ஸி ஆற்றில் நீரோட்டம் நின்றதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டே வினை திரும்பியது. அவர் மறுபடி ஷூவுக்குப் போயிருந்த நேரத்தில் சொந்த மாகாணம் எழுந்து, லூ பூ என்ற மாவீரனை அழைத்துத் தலைவனாக்கிக்கொண்டது. மிஞ்சியவை மூன்றே ஊர்கள். பூயாங் அருகே இருவரும் நூறு நாளுக்கு மேல் மோதினார்கள். போரை முடித்துவைத்தது வெட்டுக்கிளி. தின்ன ஒன்றும் இல்லாமல் இரண்டு படையும் விலகிப் போயின.

இந்த வெட்டுக்கிளியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். மஞ்சள் ஆற்றங்கரையிலும் ஹுவாய் ஆற்றங்கரையிலும் வெள்ளம் வந்து வடியும் தாழ்நிலங்கள் அதன் பிறப்பிடம். வறட்சியில் ஏரிப்படுகை காயும்போது முட்டையிடத் தோதான வெற்று மண் பரந்து கிடக்கும். சாதாரணமாக இந்தப் பூச்சி தனிமை விரும்பி. இன்னொன்றைக் கண்டால் ஒதுங்கிப் போகும். ஆனால் மேய்ச்சல் சுருங்கி ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டால் அதன் நிறம், நடத்தை, உடல் எல்லாமே மாறும். மாறியபின் ஒன்றையொன்று தேடிப் போகும். எது அவற்றைச் சேர்த்து இழுக்கிறது என்று நெடுநாள் தேடினார்கள். 2020-இல் சீன அறிவியல் கழகத்தின் காங் லெ குழு விடை சொன்னது: 4-வினைல் அனிசோல் என்ற ஒரு மணப்பொருள். தனியே திரியும் வெட்டுக்கிளிகளில் நாலைந்தை ஒரே கூண்டில் அடைத்தாலே அவை இதைச் சுரக்கத் தொடங்கிவிடுகின்றன. சுரந்த மணம் இன்னும் சிலவற்றை இழுக்கும்; வந்தவையும் சுரக்கும். கூட்டம் தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

2011-இல் வெளியான இன்னோர் ஆய்வு, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய ஆவணங்களை அலசி, சீனத்தின் 1,910 ஆண்டு வெட்டுக்கிளி வரலாற்றை மீட்டெடுத்தது. வறண்ட, குளிர்ந்த காலங்களில்தான் படையெடுப்பு அதிகம் என்பது அதில் தெரிந்தது. லூ பூவும் ட்சாவ் ட்சாவும் ஒருவரையொருவர் எதிரியாக நினைத்துக்கொண்டிருந்த வயலில் மூன்றாவது எதிரி முட்டைக்குள் காத்திருந்தது.

அந்த ஆண்டுகளில் சீனப் படைகள் எதைத் தின்றன என்று ஒரு பட்டியல் கிடைக்கிறது. வடக்கே யுவான் ஷாவ் என்ற போட்டித் தளபதியின் வீரர்கள் மரத்தடியில் மல்பெரிப் பழம் பொறுக்கினார்கள். தெற்கே யுவான் ஷூ என்ற இன்னொரு தளபதியின் வீரர்கள் சேற்றில் நத்தையும் சிப்பியும் தேடினார்கள். பசித்தால் கொள்ளை, வயிறு நிறைந்தால் மிச்சத்தை வீசிவிட்டுப் போவது. எதிரியே இல்லாமல் தாமாகச் சிதறிய படைகளுக்குக் கணக்கில்லை என்கிறது வெய் அரசின் வரலாறு. ட்சாவ் ட்சாவின் தரப்பும் மேலாக இல்லை. செங் யூ என்ற அவருடைய ஆலோசகர் சொந்த ஊரையே சூறையாடி மூன்று நாளுக்கு உணவு சேர்த்தாராம். அதில் மனித இறைச்சியின் உப்புக்கண்டமும் கலந்திருந்தது என்றும், அவருக்கு மிக உயர்ந்த பதவி கடைசிவரை கிடைக்காமல் போனது அதனால்தான் என்றும் ஒரு குறிப்பு சொல்கிறது.

196-இல் சிறுவன் சக்கரவர்த்தி சாங்கானிலிருந்து தப்பிப் பழைய தலைநகரான லோயாங்குக்கு வந்து சேர்ந்தார். அங்கே நகரமே இல்லை. டோங் ஜுவோ எரித்த சாம்பல்மேல் முள் வளர்ந்திருந்தது. அரசவை அதிகாரிகள் தாங்களே போய்க் காட்டுத் தானியம் பறித்தார்கள். சிலர் இடிந்த சுவர்களுக்கு நடுவே பட்டினியால் செத்தார்கள். இந்தச் சக்கரவர்த்தியை அழைத்துக்கொள்ளும்படி யுவான் ஷாவிடமும் அவருடைய ஆலோசகர் ஒருவர் மன்றாடியிருந்தார். வீண் தொல்லை என்று மற்றவர்கள் தடுத்தார்கள். தடுத்தவர்களில் ஒருவர் பெயர் சுன்யூ சியோங். இந்தப் பெயர் மீண்டும் வரும்.

ட்சாவ் ட்சாவ் ஆயிரத்துச் சொச்சம் ஆட்களோடு கிளம்பினார். வழியில் அவரிடமும் உணவு தீர்ந்தது. ஷின்ஜெங் என்ற சிற்றூரின் அதிகாரி யாங் பெய் முன்யோசனைக்காரர். ஊர்மக்களைக் கொண்டு மல்பெரிப் பழத்தை உலர்த்தியும் காட்டுப் பயறைப் பறித்தும் சேமித்து வைத்திருந்தார். அந்த உலர்ந்த பழத்தைத் தின்றுதான் ட்சாவ் ட்சாவின் ஆட்கள் லோயாங் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் இதை மறக்கவில்லை. பின்னாளில் யே நகரின் நிர்வாகமே யாங் பெய்யைத் தேடி வந்தது.

சக்கரவர்த்தியை லோயாங்கிலிருந்து கிளப்பியதும் உணவைக் காட்டித்தான். பக்கத்தில் வேறொரு தளபதி படையோடு இருந்தார். பகிரங்கமாகக் கூட்டிப்போனால் சண்டை வரும். டோங் ஜாவ் என்ற ஆலோசகர் வழி சொன்னார்: தலைநகரில் தானியம் இல்லை, லூயாங் ஊருக்குச் சற்று நகர்ந்தால் உணவு வந்துசேர எளிது என்று அந்தத் தளபதிக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்படியே சொன்னார்கள். யாரும் சந்தேகப்படவில்லை, ஏனென்றால் தானியம் இல்லை என்பது உண்மை. அந்தத் தளபதி விழிப்பதற்குள் சக்கரவர்த்தி ட்சாவ் ட்சாவின் கோட்டையான ஷூ நகருக்குள் இருந்தார். இன்றைய ஷூசாங் அது; முன்பு வந்த ஷூ மாகாணம் வேறு.

எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த இடம் அதே ஆண்டு நடந்த ஒரு வாக்குவாதம். தோற்ற மஞ்சள் தலைப்பாகைக் குழுக்களிடமிருந்து உழவு மாடும் ஏர்க் கருவிகளும் கைக்கு வந்திருந்தன. ஷூ நகரைச் சுற்றி உடையவர் ஓடிப்போன நிலம் தரிசாகக் கிடந்தது. சோற்றுக்கு அலையும் அகதிகளுக்கும் குறைவில்லை. மூன்றையும் சேர்த்து அரசே பண்ணை வைக்கலாம் என்று ஜாவ் ஜி, ஹான் ஹாவ் என்ற இருவர் சொன்னார்கள். இந்த ஏற்பாட்டுக்கு டுன்டியான் என்று பெயர். பண்ணை சரி, அரசின் பங்கை எப்படி வசூலிப்பது?

முதலில் எல்லோரும் ஒத்துக்கொண்டது குத்தகை. மாட்டுக்கு இவ்வளவு தானியம் என்று நிர்ணயித்துவிட்டால் தீர்ந்தது. ஜாவ் ஜி மறுத்தார். விளைச்சல் கொழித்தால் அரசுக்கு ஒரு மணி கூடுதலாக வராது. வெள்ளமோ வறட்சியோ வந்தால் தள்ளுபடி செய்தாக வேண்டும். ஆக நட்டம் எப்போதும் ஒரு பக்கம்தான் என்றார். அவர் கேட்டது வாரம்: விளைந்ததைப் பங்கு போடுவது. ட்சாவ் ட்சாவுக்கு மனம் ஒப்பவில்லை. பழையபடியே இருக்கட்டும் என்றார். ஜாவ் ஜி விடவில்லை. விவகாரம் ஷுன் யூ என்ற தலைமை ஆலோசகரிடம் போயிற்று. அங்கும் குத்தகைக்கு ஆதரவாகப் பேச ஆள் இருந்தது. ஜாவ் ஜி மறுபடி மறுபடி வந்து நின்றார். கடைசியில் ட்சாவ் ட்சாவ் இறங்கிவந்தார். இவ்வளவும் நமக்குத் தெரிவதே, ஜாவ் ஜி இறந்தபிறகு ட்சாவ் ட்சாவ் வெளியிட்ட ஆணையில் தன் தயக்கத்தையும் மறைக்காமல் எழுதியதால்தான்.

பின்னாள் ஆவணம் ஒன்று சொல்லும் பழைய பங்கு இது: அரசு மாட்டில் உழுதால் அரசுக்கு ஆறு, உழுபவனுக்கு நான்கு. சொந்த மாடு என்றால் பாதிப் பாதி. தள்ளுபடி செய்யாவிட்டால், குத்தகையில் பஞ்சத்தின் சுமை உழுபவன் தலையில் விழும். அவன் தாங்க முடியாமல் ஓடிப்போவான். ஓடிப்போனால் அரசுக்கும் ஒன்றுமில்லை. வாரத்தில் வானத்தின் வஞ்சனையை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். 1974-இல் பொருளியலாளர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் இதையே கணித மொழியில் எழுதினார்: இடர் மிகுந்த வேளாண்மையில் வாரமுறை உழைப்புக்கான ஊக்கத்தையும் இடரையும் சேர்த்துச் சமன்படுத்தும் ஒரு வழி.

முதல் ஆண்டில் பத்து லட்சம் ஹூ தானியம் கிடைத்தது. இது எவ்வளவு என்று கணக்குப் போட ஒரு துப்பு இருக்கிறது. வடமேற்குப் பாலைவனத்தில், ஜூயான் எல்லைக் காவல் கோட்டைகளின் இடிபாடுகளில், 1930-இலிருந்து ஹான் காலத்து மரச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் படிச் சீட்டுகளும் உண்டு: ஒரு காவல் வீரனுக்கு மாதம் உமி நீக்காத தானியம் சுமார் மூன்றேகால் ஹூ. ஆண்டுக்கு ஏறத்தாழ நாற்பது. அப்படியானால் பத்து லட்சம் ஹூ, 25,000 வீரர்களுக்கு ஓராண்டுச் சாப்பாடு. மற்ற படைகள் மல்பெரி பொறுக்கிக்கொண்டிருந்த காலத்தில் இது சாதாரணமல்ல. பிரதேசம் பிரதேசமாகப் பண்ணைகள் பெருகின, ஒவ்வொன்றிலும் களஞ்சியம்.

சேர்க்கப்பட்ட மக்கள் மகிழ்ந்து வந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிடிக்காமல் பலர் ஓடினார்கள். விருப்பமுள்ளவர்களை மட்டும் எடுங்கள், வற்புறுத்தாதீர்கள் என்று யுவான் ஹுவான் என்ற அதிகாரி சொன்னார். அதையும் ட்சாவ் ட்சாவ் கேட்டுக்கொண்டார். பகை நாட்டவர் எழுதிய ஒரு வாழ்க்கைக் குறிப்பில் வேறொரு முகம் தெரிகிறது. ஒரு படையெடுப்பில் தானியம் குறைந்தபோது சின்னப் படியால் அளந்து கொடுக்கச் சொன்னாராம். வீரர்கள் முணுமுணுத்ததும், படியளந்த அதிகாரியின் தலையை வெட்டி, தானியம் திருடியவன் என்று அறிவித்து நிறுத்தினாராம். பகையாளி சொன்ன கதை; பாதியைத் தள்ளிவிட்டே கேட்க வேண்டும். ஆனால் சின்னப் படி என்ற உத்தி யாருக்கும் புதிதாகத் தோன்றியிருக்காது.

200-ஆம் ஆண்டு யுவான் ஷாவ் மஞ்சள் ஆற்றைக் கடந்து தெற்கே வந்தார். ஒரு லட்சம் காலாட்படை, பத்தாயிரம் குதிரை என்கிறார்கள். ட்சாவ் ட்சாவிடம் பத்தாயிரம்கூட இல்லை என்று வரலாறு எழுதியதை, ஐந்தாம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய பெய் சோங்ஜியே நம்பவில்லை. எப்படியும் பல மடங்கு வித்தியாசம். குவாண்டு என்ற இடத்தில் மாதக்கணக்கில் முட்டி நின்றார்கள்.

இங்கே தூரம் பேசியது. மாட்டுவண்டி நாளைக்கு 15, 20 கிலோமீட்டர் போகும். ஓட்டுபவனும் மாடும் போகும்போதும் தின்பார்கள், திரும்பும்போதும் தின்பார்கள். சுன் ட்ஸுவின் போர்க்கலை நூலுக்கு இன்று கிடைக்கும் மிகப் பழைய உரை ட்சாவ் ட்சாவ் எழுதியதுதான். தொலைவுக்குத் தானியம் அனுப்பினால் இருபது பங்கு செலவாகி ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்று அதில் கணக்குச் சொல்கிறார். ஷூ நகரிலிருந்து குவாண்டு நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. யுவான் ஷாவின் யே நகரிலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு, நடுவில் பேராறு வேறு.

அப்படியும் ட்சாவ் ட்சாவின் கையிருப்பு கரைந்தது. பின்வாங்கலாமா என்று ஷுன் யூவுக்குக் கடிதம் எழுதினார்; வேண்டாம் என்று பதில் வந்தது. தானியம் சுமந்து வந்தவர்களைப் பார்த்து, இன்னும் பதினைந்து நாள், பிறகு உங்களைச் சிரமப்படுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த வேளையில் யுவான் ஷாவின் ஆலோசகர் ஷூ யோ கோபித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்துசேர்ந்தார். வந்ததும் அவர் கேட்ட கேள்வி: எத்தனை நாளுக்குச் சாப்பாடு இருக்கிறது? ஓராண்டுக்கு என்றார் ட்சாவ் ட்சாவ். பொய் என்றார் வந்தவர். அரை ஆண்டு. அதுவும் பொய். கடைசியில் உண்மை வந்தது: ஒரு மாதம்.

ஷூ யோ கொண்டுவந்த செய்தி வூசாவ். யுவான் ஷாவின் முகாமுக்கு நாற்பது லீ தொலைவில், பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளில் வந்த தானியம் அங்கே குவிந்து கிடந்தது. காவலுக்குத் தலைமை, சக்கரவர்த்தியை அழைத்துவர வேண்டாம் என்று தடுத்த அதே சுன்யூ சியோங். அன்றிரவே ட்சாவ் ட்சாவ் ஐயாயிரம் பேரைத் திரட்டினார். கையில் யுவான் ஷாவின் கொடி. குதிரைகளின் வாய் கட்டியாயிற்று. ஒவ்வொருவன் கையிலும் ஒரு கட்டு விறகு. வழியில் கேட்டவர்களிடம், பின்புறக் காவலுக்குப் போகிறோம் என்றார்கள். விடியும்போது வூசாவ் எரிந்துகொண்டிருந்தது. தானியம் போனது தெரிந்ததும் லட்சம் பேர் படை கலைந்தது; யுவான் ஷாவ் எண்ணூறு குதிரைகளோடு ஆற்றைக் கடந்தார் என்கிறார்கள். சரணடைந்தவர்களில் பெரும்பாலோரை ட்சாவ் ட்சாவ் கொன்றுவிட்டார். இரக்கமற்ற முடிவு, அத்தனை வாய்க்குப் போடச் சோறு அவரிடம் இல்லை என்பதும் அதில் ஒரு பங்கு என்றே நான் நினைக்கிறேன்.

மிச்சமெல்லாம் அதே சூத்திரத்தின் நீட்சி. 204-இல் யே நகரை முற்றுகையிடுமுன் ச்சி ஆற்றை மறித்துக் கால்வாய்க்குத் திருப்பி, தானியத்தைப் படகில் கொண்டுபோனார். 206-இல் வடகிழக்குப் படையெடுப்புக்காக மேலும் இரண்டு கால்வாய். 208-இல் முதலமைச்சர் ஆனார். அதே ஆண்டு யாங்ட்சே ஆற்றில் செம்பாறைப் போரில் தோற்றார். வடக்கத்தி வீரர்களை ஈரநிலத்து நோய் வாரிக்கொண்டு போயிருந்தது. தெற்கு கடைசிவரை கிடைக்கவில்லை. 216-இல் வெய் அரசர். சக்கரவர்த்திப் பட்டத்தை மட்டும் தொடவில்லை. 220 மார்ச்சில் அவர் இறந்த சில மாதங்களில் மகன் அதையும் எடுத்துக்கொண்டார்.

சாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, தன் கல்லறை எங்கே என்று ஓர் ஆணை போட்டார். விளையாத வறண்ட மண்ணாகப் பார்க்க வேண்டும். மேலே மேடு எழுப்பக் கூடாது, மரம் நடக் கூடாது. 2008-இல் ஆன்யாங் அருகே ஷிகாவ்ஷுவே கிராமத்தில் தோண்டிய கல்லறையில் வெய் வூ அரசர் பயன்படுத்திய ஆயுதம் என்று பொறித்த கல் பலகைகள் கிடைத்தன. அறுபதைத் தாண்டிய ஓர் ஆணின் எலும்புகளும் இருந்தன. அது அவருடையதே என்று 2009 டிசம்பரில் அறிவித்தார்கள். மறுத்தவர்களும் உண்டு, எனக்கு அந்தக் கல் பலகைகள் போதும்.

குடியானவர்களுக்கான பண்ணை நிர்வாகத்தை வெய் அரசு 264-இல் கலைத்தது. அடுத்த ஆண்டு அந்த அரசே ஸிமா குடும்பத்தின் கைக்குப் போய் ஜின் அரசு பிறந்தது. படைவீரர்கள் உழுத பண்ணைகள் மட்டும் தொடர்ந்தன. அங்கே ஜின் அரசு பங்கை மாற்றியது: அரசு மாட்டில் உழுதால் அரசுக்கு எட்டு, உழுபவனுக்கு இரண்டு. விளைச்சல் விழுந்தது. பழையபடி நாலு பங்கு கொடுங்கள், மனதோடு உழுவார்கள் என்று ஃபூ ஷுவான் என்ற அதிகாரி புதிய சக்கரவர்த்திக்கு மனு எழுதினார்.